மில்லிக்குள் பெட்ரோல் வாடை

விட்பி
செப்டம்பர் 9, 1996

நெவிலுக்கு,

மேவிஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் வந்தேன். ரயிலில் பெட்ரோல் நாற்றம் இல்லை.

போன் செய்யாதே. என் தங்கை வீட்டுப் போன் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அது அடித்தாலே மேவிஸ் தூசி தட்டும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். தவிரவும், போனில் நீ "ம்" என்பாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

உன் தம்பி மகள் கல்யாணத்தில் நடந்ததை நீ வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். எனக்கு அது வேடிக்கை இல்லை. லெட்பரியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பியதிலிருந்து ஹெர்ஃபோர்ட் போய்ச் சேரும்வரை எனக்குக் குமட்டிக்கொண்டே வந்தது. புது நீலக் கவுன் முழுக்க அந்த வாடை. கை குலுக்க வந்த பாதிரியார் என்ன கேட்டார் என்று நினைவிருக்கிறதா? "வழியில வண்டி நின்னுபோச்சாம்மா? நீங்களே இறங்கி ரிப்பேர் பாத்தீங்களா?" நான் கூனிக் குறுகி நிற்கிறேன். நீ என்ன சொன்னாய்? மேசையில் இருந்த அத்தனை பேர் எதிரிலும், "டோரீனுக்கு நம்ம மில்லியக் கண்டாலே ஆகாது. அதான் இல்லாத நாத்தமெல்லாம் வருது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் தம்பி மனைவி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் பொறாமைப்படுகிறேனாம், ஒரு வண்டியைப் பார்த்து. பதினொரு வருஷமாக அந்தப் பச்சைச் சக்களத்தியோடு குடித்தனம் நடத்துகிறேன், ஒரு நாள் குறை சொன்னதுண்டா? குளிர்காலத்தில் அதன் பாட்டரியைச் சமையலறையில் வைக்க இடம் கொடுத்தவள் நான்.

அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து ஒழி. அதுவரை நான் வரமாட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று இன்னும் சாதித்தாயானால், வரவே மாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் ரயிலிலேயே தீர்ந்துவிட்டது.

இங்கே கடல் காற்று சில்லென்று அடிக்கிறது. என் சாம்பல் நிறக் கோட்டைத் தபாலில் அனுப்பு.

டோரீன்

*

மால்வெர்ன்
செப்டம்பர் 14, 1996

டோரீனுக்கு,

கோட்டை நேற்று அனுப்பினேன். பொத்தான் ஒன்று தளர்ந்திருந்தது. தைத்திருக்கிறேன்.

நீ கேட்டதால் மில்லியை மேலிருந்து கீழ்வரை சோதித்தேன். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிப் பார்த்தேன். மிதவைகள் சரியாக இருக்கின்றன, எதுவும் வழியவில்லை. பெட்ரோல் பம்பின் இணைப்புகளை இறுக்கினேன். பிறகு டேங்கிலிருந்து இன்ஜின்வரை வரும் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவைத்தேன். பெட்ரோல் ஒரு சொட்டு கசிந்தாலும் காகிதத்தில் கறை தெரிந்திருக்கும். காலையில் ஒன்றில்கூடக் கறை இல்லை. கடைசியாக, டிக்கிக்குள் தலையை விட்டு, மூடியை முதுகின் மேல் சாய்த்துக்கொண்டு, இடுப்பு பிடித்துக்கொள்ளும்வரை முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

இனி நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்? நாற்பது வருஷம் வரைபட மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் நான். இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

கல்யாண வீட்டில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சிரிப்பார்கள் என்று நினைத்துச் சொன்னேன். சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை என்பதை வண்டியில் திரும்பும்போதுதான் கவனித்தேன்.

என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. குளிர்பெட்டியில் ஹாம் மிச்சம் இருந்தது. புதன்கிழமை முழுக்க வயிறு சரியில்லை, அதற்கும் ஹாமுக்கும் சம்பந்தம் இல்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு நம் பழைய கார் கிளப்பின் இலையுதிர்காலக் கண்காட்சி. கோடையில் வாங்கிய வெள்ளிக்கோப்பையை இந்த முறையும் விடக்கூடாது. ஆகவே வேலை நிறைய இருக்கிறது.

நெவில்

*

விட்பி
செப்டம்பர் 17, 1996

நெவிலுக்கு,

கோட்டு வந்தது. பொட்டலத்தைப் பிரித்தது நான் இல்லை, மேவிஸ். பிரித்த கையோடு சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டாள். "என்னக்கா இது, உங்க வீட்டுக்காரர் கோட்ட பெட்ரோல்லயே அலசி அனுப்பிட்டாரா?" என்றாள். இரண்டு நாளாகக் கொல்லைக் கொடியில் தொங்குகிறது. இன்னும் போகவில்லை.

ஒரே ஒரு கேள்வி. இந்தக் கோட்டைத் தபால் நிலையத்துக்கு எப்படிக் கொண்டுபோனாய்? மில்லியின் டிக்கியில்தானே? முதல் நாளே உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் போயிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

மேவிஸ் உன் வண்டியைக் கண்ணால் பார்த்தே நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு அதன்மேல் பொறாமை எதுவும் கிடையாது. ஆகவே, இல்லாத நாற்றம் இப்போது இரண்டு பேருக்கு வருகிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காமல், கொஞ்சம் யோசி.

நானும் யோசித்துப் பார்த்தேன். எப்போதும் வாடை வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வரும்போது வராது. பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே கிடக்கும்போது வந்ததே இல்லை. நீ டேங்கை நிரப்பினால் போதும், வந்துவிடும். கல்யாணத்துக்குப் போனபோது லெட்பரியில் நிரப்பினாய். ஆகஸ்டில் டெவன் போனபோது கிளம்பும் முன்பே நிரப்பினாய், அன்றைக்கும் எனக்குத் தலை வெடித்தது. நீ அதை வெயில் என்றாய். இன்னொன்றும் உண்டு. நேராகப் போகும்போது லேசாக இருக்கும், வளைவுகளில் குப்பென்று அடிக்கும். எந்தப் பக்கத்து வளைவு என்று நான் கவனிக்கவில்லை. நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

நீ காகிதம் சுற்றிப் பார்த்தபோது டேங்கில் எவ்வளவு இருந்தது? கால்வாசியா? வண்டி அசையாமல் நின்றுகொண்டுதானே இருந்தது?

ஹாம் விஷயம். எந்த ஹாம்? கல்யாணத்துக்கு முந்தின வாரம் வாங்கினதா? நான் கிளம்பும்போதே அது கெட்டுப்போய் நாறியது. குப்பையில் போடு என்று மேசையில் சீட்டு எழுதி வைத்தேனே. குளிர்பெட்டியைத் திறந்த உடனே தெரிந்திருக்குமே. இதை எப்படி வாயில் வைத்தாய்?

டோரீன்

*

மால்வெர்ன்
செப்டம்பர் 21, 1996

அன்புள்ள டோரீன்,

டேங்கில் கால்வாசிதான் இருந்தது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. கோட்டை முதல் நாள் ராத்திரியே டிக்கியில்தான் வைத்தேன். மூன்றும் நீ சொன்னபடியே. சோதனையைத் தப்பாக நடத்தியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் வியாழக்கிழமை டேங்கை விளிம்புவரை நிரப்பினேன். பக்கத்து வீட்டு ட்ரெவர் பியூவை உன் சீட்டில் உட்காரவைத்து, மலைமேல் இருக்கும் வளைவுப் பாதையில் போய் வந்தேன். அவன் முழங்கால் முகவாயில் இடித்தது, அதற்கே கால் மணி நேரம் புலம்பினான். முதல் வளைவு வலப்பக்கம், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தது இடப்பக்கம். ஜன்னல் கண்ணாடியை அவசரமாகக் கீழே இறக்கினான். "யப்பா சாமி, என்ன நெவில் இது? பெட்ரோல் பங்குக்குள்ள படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு. தயவுசெஞ்சு தீக்குச்சி எதையும் கிழிச்சுராதே!" என்றான். அவன் தன் புகையிலை பைப்பைப் பற்றவைக்கவே இல்லை. ட்ரெவரை அப்படி நான் பார்த்ததில்லை.

ஆகவே வாடை இருக்கிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கல்யாணத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாக எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. ட்ரெவர் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் அவனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. காற்று ஜன்னல் பக்கமாக, அவனிருக்கும் பக்கத்திலேயே சுற்றுகிறதோ என்று தோன்றுகிறது. படம் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ட்ரெவருக்கு இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் பதற்றம். நேற்று நான் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவை உடைக்காத குறையாக ஓடிவந்தான். "வீடு பத்தி எரியுது, நீ கால் மேல கால் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே!" என்கிறான். போய்ப் பார்த்தால், ரொட்டி கொஞ்சம் கருகியிருந்தது. அவ்வளவுதான்.

ஹாமில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் கராஜில்தான் இருக்கிறேன். டேங்கை நிரப்பியபடியே வைத்து, டிக்கியின் உள்தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறேன். குளிர் தொடங்கிவிட்டது. பழைய மண்ணெண்ணெய் ஹீட்டரைப் பற்றவைத்துக்கொண்டு, கதவையும் அடைத்துக்கொண்டால் இதமாக இருக்கிறது. கண்டுபிடித்துவிடுவேன்.

நெவில்

*

விட்பி
செப்டம்பர் 23, 1996

நெவில்,

கராஜுக்குப் போ. ஹீட்டரை அணை. கதவை அகலத் திற. அதற்கப்புறம் மற்றதைப் படி.

இதை எழுதும் முன்பே ட்ரெவருக்குப் போன் செய்துவிட்டேன். மேவிஸ் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள், கேட்டுவிட்டுப் போகட்டும். உனக்குச் செய்யாமல் ஏன் அவனுக்கு என்கிறாயா? உனக்குச் செய்தால் "ம்" என்பாய். அவன் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவான். போயிருப்பான் இந்நேரம்.

நெவில், உனக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

காற்று சுற்றுவதைப் படம் வரையாதே. சமையலறைக்குப் போய் வினிகர் புட்டியைத் திறந்து முகர்ந்து பார். குளியலறையில் இருக்கும் தார் சோப்பு, என் அலமாரியில் இருக்கும் லாவெண்டர் பை, ட்ரெவரின் புகையிலை, எல்லாவற்றையும் பார். என்ன தெரிகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுது. மானம் போய்விடுமே என்று பார்க்காதே.

எப்போதிலிருந்து என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிப்ரவரியில் உனக்கு அந்தக் கொடிய ஜலதோஷம் வந்து படுத்தாயே, அதற்கப்புறம்தான். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி அடுப்பில் இருக்கும்போதே கராஜிலிருந்து "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்துவாய். அது நின்றுபோனது. நான் அதிகமாக ரோஸ்மேரி போட்டுப் பார்த்தேன். புதினாச் சாறை மாற்றிப் பார்த்தேன். எதை வைத்தாலும் "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பெரிதாக்கியதாக ஆகும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் நம் கல்யாண நாளன்று லில்லி சென்ட் போட்டிருந்தேன். நீ முதன்முதலில் வாங்கிக் கொடுத்த அதே சென்ட், வுஸ்டர் போய்த் தேடி வாங்கியது. ஹோட்டலில் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தோம். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மில்லியின் பிரேக்கைப் பற்றிப் பேசினாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தச் சீசாவை இழுப்பறையின் அடியில் தள்ளினேன். சரி, இந்த மனுஷனுக்கு நான் அலுத்துப்போய்விட்டேன் என்று நினைத்தேன். அப்படித்தான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் நீ சொன்னதற்காக மட்டுமா ரயில் ஏறினேன்?

போகட்டும். இப்போது உன் வண்டிக்கு வருவோம். கழற்றியதெல்லாம் போதும். பெட்ரோல் மூடியிலிருந்து டேங்குக்குப் போகும் தடிமனான ரப்பர் குழாய் டிக்கியில் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறதே, அதைப் பார். போன வருஷம் நீ அதைப் புதிதாக மாற்றினாய். அதற்குக் கண்காட்சி நடுவர் ஃபார்குவர் என்ன சொன்னார்? குச்சியில் கட்டிய கண்ணாடியை டிக்கிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, "குழாய் புதுசு. அசல் இல்ல. ரெண்டு மார்க் கம்மி" என்றார். வீடு வரும்வரை நீ அந்த இரண்டு மார்க்கைப் பற்றியே புலம்பினாய். இந்த ஜூனில் கண்காட்சிக்கு முந்தின நாள் என் சமையல் மேசையில் பேப்பரை விரித்து, பிஸ்கட் டப்பாவிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி எதையோ எடுத்து, என்னுடைய கறுப்பு ஷூ பாலிஷைப் பூசிப் பூசித் தேய்த்தாயே, அது என்ன? அடுத்த வாரம் என் ஷூவுக்குப் பாலிஷே மிச்சம் இல்லை.

கோப்பை வந்தது ஜூனில். நாற்றம் வந்ததும் ஜூனில்தான்.

டோரீன்

*

மால்வெர்ன்
செப்டம்பர் 27, 1996

அன்புள்ள டோரீன்,

ட்ரெவர் உன் கடிதத்துக்கு முன்பே வந்து ஹீட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "டோரீன் உத்தரவு. என்கிட்ட பேசாதே" என்றான். கராஜ் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முட்டுக்கொடுக்க என்னுடைய நல்ல நாற்காலியையே போட்டுவிட்டுப் போனான்.

நீ சொன்னபடி செய்தேன். வினிகரை முகர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வாசனை வரவில்லை. தார் சோப்பில் ஒன்றும் இல்லை. ட்ரெவரின் புகையிலையை மூக்குக்குள் போகும் அளவுக்கு வைத்துப் பார்த்தேன், தும்மல் மட்டும் வந்தது. கடைசியாக உன் அலமாரியைத் திறந்து லாவெண்டர் பையை எடுத்தேன். அதிலும் இல்லை. அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஜலதோஷத்துக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவது உண்டாம். திரும்பி வந்தாலும் வரலாம், வராமலே போகலாம். "வீட்டில புகை வந்தா அலறுற மணி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றே வாங்கி மாட்டிவிட்டேன். ரொட்டி சுடும்போதெல்லாம் அலறுகிறது.

நீ உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய். பிப்ரவரியிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் ஈரக் காகிதத்தை மெல்வதுபோல இருந்தது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்குத்தான் வயசாகிச் சமையல் கைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். சொன்னால் வருத்தப்படுவாய் என்று எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். ஏழெட்டு மாதம் உன் மனசு நோகக்கூடாது என்று நானும், பெரிதாக்கக் கூடாது என்று நீயும் வாயை மூடிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். இடையில் உப்பு டப்பா மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

சென்ட் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிரேக்கைப் பற்றிப் பேசியிருக்கமாட்டேன். நீ எனக்கு அலுத்துப்போகவில்லை, டோரீன். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று தாள் வீணாயிற்று.

குழாய் நீ சொன்ன குழாய்தான், புதியதைக் கழற்றிவிட்டு ஜூனில் நான் மாட்டிய பழைய அசல் குழாய். உட்பக்கத் தகட்டைக் கழற்றி அதை வெளியே எடுத்தேன். பார்வைக்குப் புத்தம் புதியதுபோல மினுமினுவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியதும் பாலிஷ் விரலோடு வந்துவிட்டது. அடியில் ரப்பர் முழுக்கப் பிளவு. வளைத்தால் வாய் பிளக்கிறது. டேங்க் நிரம்பியிருந்து, வண்டி இடப்பக்கம் திரும்பினால் பெட்ரோல் மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்து குழாய்க்குள் ஏறுகிறது. அங்கே கசிந்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கு வழியாக உள்ளே வாடையாக வருகிறது. மூக்கு நன்றாக இருந்திருந்தால் பெட்ரோல் போட்ட முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். அசல் குழாய் என்று மார்க் வாங்குவதற்காக முழுப் பூசணிக்காயை ஷூ பாலிஷில் மறைத்திருக்கிறேன். ஹீட்டரைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்று ட்ரெவரிடம் சொல்லிவிட்டேன்.

புதுக் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டேன். கண்காட்சியில் ஃபார்குவர் கண்ணாடியை விட்டுப் பார்க்கட்டும். கோப்பை, கோடையில் என்னிடம் தோற்ற அந்த டிராய்ட்விச் ஆளுக்குப் போகட்டும். அவன் குழாயில் என்ன பாலிஷ் போடுகிறான் என்று மட்டும் யாராவது பார்த்தால் நல்லது.

டேங்கை நிரப்பி, காகிதம் சுற்றி, அதே மலைப் பாதையில் இடப்பக்க வளைவாகவே தேடித் தேடி ஓட்டினேன். காகிதத்தில் கறை இல்லை. ஆனால் காகிதத்தை ஒரு முறை நம்பி ஏமாந்தாயிற்று. ட்ரெவர் முகர்ந்து பார்க்கிறேன் என்றான். முப்பது வருஷம் பைப் பிடித்த மூக்கு, அதை வைத்து முடிவு செய்ய எனக்கு மனமில்லை.

நெவில்

*

விட்பி
செப்டம்பர் 30, 1996

அன்புள்ள நெவில்,

நேரடியாக "வா" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே? ட்ரெவரின் மூக்கைப் பழித்து ஒரு பத்தி எழுதித்தான் கேட்கவேண்டுமா? பரவாயில்லை, புரிந்தது.

மூன்று தாள் வீணாயிற்று என்று எழுதியிருக்கிறாய். அந்த மூன்றையும் எறிந்திருக்கமாட்டாய், பின்பக்கத்தில் ஏதாவது வரைந்திருப்பாய். வரும்போது கொண்டுவா. நான் படிக்கவேண்டும்.

நீ என் சமையலைப் பற்றி நினைத்ததற்கு ஒரு சாயங்காலம் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். மேவிஸிடம் சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்தவே இல்லை. "ரெண்டு பேரும் மரியாதை பாத்துப் பாத்தே செத்திருப்பீங்க போல, கராஜோட சேர்ந்து!" என்றாள். அப்புறம் எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் அழுகையும் வந்தது, ஹீட்டரை நினைத்து.

வியாழக்கிழமை கிளம்பி வா. வழியில் பிக்கரிங்கில் நிறுத்தி, டேங்கை வழியும் அளவுக்கு நிரப்பு. அங்கிருந்து இங்கே வரும்வரை ஜன்னலைத் திறக்காதே. வாசலுக்கு வந்ததும் நீ இறங்கிக்கொள். முதலில் மேவிஸ் உட்கார்ந்து பார்ப்பாள். அவளுக்கு உன்னிடம் தயவும் இல்லை, வண்டிமேல் வஞ்சமும் இல்லை, அவள் தீர்ப்பை யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு நான் உட்காருவேன். மூர்லாந்து மேட்டுநிலப் பாதையில் இடப்பக்க வளைவு எங்கெங்கே இருக்கிறது என்று மேவிஸுக்குத் தெரியும், எழுதி வைத்திருக்கிறாள். வாடை வந்தால் என்னை நேராக ரயில் நிலையத்தில் இறக்கிவிடு, வீட்டுக்கு ரயிலில் வந்துகொள்கிறேன். வராவிட்டால் அப்படியே வீட்டுக்குப் போகலாம். என் பெட்டி சின்னது, டிக்கியில் வைக்கலாம். கோட்டை மட்டும் மடியில் வைத்துக்கொள்வேன்.

அந்தப் பழைய குழாயை என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. பிஸ்கட் டப்பாவில் மறுபடியும் வைத்திருப்பாய். பரவாயில்லை, என் பாலிஷ் டப்பாவை இனி பூட்டி வைக்கிறேன்.

இனிமேல் பால் கெட்டதா, ரொட்டி கருகியதா, மில்லி கசிகிறாளா, எல்லாவற்றுக்கும் என்னைக் கேள். நானும் கறி எப்படி என்று கேட்கமாட்டேன். கடுகும் மிளகும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் நாக்குக்காவது ஏதாவது தெரியும் என்று மேவிஸ் சொல்கிறாள், பார்க்கலாம்.

லில்லி சென்ட் சீசா நான் தள்ளிவைத்த இடத்திலேயே இருக்கிறது. படுக்கையறையில், என் பக்கத்து இழுப்பறையில், கையுறைகளுக்கு அடியில். அதை எடுத்துக்கொண்டு வா. மேவிஸ் வாடை பார்த்து முடித்த பிறகு, கிளம்பும் முன் போட்டுக்கொள்வேன். உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அதனால் வண்டி கிளம்பியதும் நானே வாயைத் திறந்து, "நெவில், சென்ட் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். நீ பிரேக்கைப் பற்றிப் பேசாதே, அது போதும்.

உன்
டோரீன்